டிராயரைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு

முதல் நாள்

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே நடத்துநர் கேட்டுவிட்டார். "என்னக்கா இது, பழைய போர்வையில கட்டி?" டிராயர் என்றேன். மரப் பீரோவின் டிராயர். இரண்டரை அடி அகலம். லக்கேஜ் டிக்கெட் போட்டு, டிரைவருக்குப் பின்னால் நிறுத்திவைக்கச் சொன்னார். மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி வரும்வரை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

விஷயம் இதுதான். அப்பத்தாவின் வீட்டை விற்கப்போகிறோம். பாத்திரம், கட்டில் எல்லாம் பிரித்தாயிற்று. அந்த மரப் பீரோ மட்டும் நிற்கிறது. ஏதோ ஒரு ஜமீன் ஏலத்தில் எடுத்தது, நூற்றெழுபது வருஷம் ஆகிறது என்பது வீட்டில் காலங்காலமாகச் சொல்லும் கதை. மதுரையில் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினோம். ஒருவர் முப்பத்தைந்தாயிரம் என்றார். இன்னொருவர் ஒன்றரை லட்சம் என்றார். முதல் ஆள் டேப்பை எடுத்துக் கன அடி கணக்குப் போட்டார். இரண்டாவது ஆள் பீரோவைத் தொடக்கூட இல்லை, கதையை மட்டும் கேட்டுக்கொண்டார். சிங்கப்பூரிலிருக்கும் சித்தப்பா மகன், யாருக்கும் விற்க வேண்டாம், கப்பலில் ஏற்றி எனக்கே அனுப்புங்கள் என்கிறான்.

எங்கள் அப்பா கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவர். எந்த நகை வந்தாலும் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்க்காமல் பேச மாட்டார். மரத்துக்கும் அப்படி ஏதாவது இருக்க வேண்டுமே என்றுதான் புறப்பட்டேன். பீரோவைத் தூக்க முடியாது, டிராயரைத் தூக்கலாம். கீலிலிருந்து ஒரு திருகாணியையும் கழற்றித் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளைக் குத்துவிளக்கு, ரவிவர்மா அச்சுப் படம், சாய்வு நாற்காலி என்று கண் எதில் நிற்பது என்றே தெரியவில்லை. பெயர் வெட்டிய பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெண்ணோடு சீராகப் போனது. ஒரு கடைக்காரரிடம் டிராயரைப் பிரித்துக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை நான் சொல்றதவிட ஒரு ஆசாரி சொன்னாத்தான் சரி" என்று பட்டறைக்கு வழி சொன்னார். தனக்குத் தெரிந்ததை விற்காமல், தெரிந்தவரிடம் அனுப்பிவைத்த மனிதர். நன்றியோடு எழுதிவைக்கிறேன்.

மழை தூறிக்கொண்டே இருக்கிறது. லாட்ஜ் அறையில் டிராயர் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது.

இரண்டாம் நாள்

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. ஆசாரிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இவருடைய அப்பாவும் தாத்தாவும் இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் நிலை, கதவு செய்தவர்கள். டிராயரை வாங்கியதும் முகப்பைப் பார்ப்பார் என்று நினைத்தேன். கவிழ்த்துப் போட்டார்.

"மூஞ்சிய எவன் வேணாலும் மெழுகலாம் தாயி. அடியில யாரும் மெழுக மாட்டான்."

முதலில் மூலையைக் காட்டினார். முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் இடத்தில், புறா வாலை விரித்தமாதிரி அகன்று அகன்று பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன. வலது மூலையில் நாலு வால், இடது மூலையிலும் நாலு. ஆனால் எந்த இரண்டும் ஒரே அகலம் இல்லை. வாலுக்கு நடுவே வரும் ஊசிப்பல், நுனியில் ரம்பத் தகடு நுழையும் அளவுக்குத்தான் இருக்கிறது. பல்லின் அடிவாரத்தில் மயிரிழைபோல ஒரு கோடு ஓடுகிறது. எங்கே வெட்டி நிறுத்த வேண்டும் என்று ஆசாரி முள்ளால் கிழித்துக்கொண்ட கோடு. ஒரு இடத்தில் ரம்பம் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு உள்ளே இறங்கியிருக்கிறது. அந்தக் கீறலை என் விரலைப் பிடித்துத் தடவிப் பார்க்கவைத்தார். மெஷினில் வெட்டினால் வாலும் பல்லும் ஒரே அகலத்தில் சீப்பு மாதிரி வரும், இது கை வேலை.

"கை வேலைன்னா பழசுதானே ஐயா?" என்று கேட்டேன்.

"நான் போன வருஷம்கூட கையாலதான் வெட்டினேன்."

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவைத்திருக்கும் விதிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்று எனக்கு விளங்கியது இந்த ஒரு பதிலில்தான். நேர்க்கோட்டு ரம்பத் தடம் இருந்தால் பழசு, வட்ட ரம்பத்தின் வளைந்த தடம் இருந்தால் புதுசு என்று எங்கோ படித்திருந்தேன். நம் ஊரிலோ, பள்ளம் தோண்டி ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று மரம் அறுப்பது 20-ஆம் நூற்றாண்டில் வெகுதூரம் வரை நடந்தது. பர்மாவிலோ மௌல்மீன், ரங்கூன் பக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே நீராவியில் ஓடும் மர ஆலைகள் வந்துவிட்டன. ஆக, நேர்த்தடம் உள்ள பலகை அறுபது வருஷத்துப் பழசாக இருக்கலாம். வளைந்த தடம் உள்ள பர்மாத் தேக்கு நூற்றுப் பத்து வருஷத்ததாகவும் இருக்கலாம். எந்த ஒரு அடையாளத்தையும் தனியாக நம்பக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

அடுத்து தீப்பெட்டித் திருகாணி. வெளிச்சத்தில் பிடித்தார். முனை கூராக இருக்கிறது, மரை ஒரே சீராக ஓடுகிறது, தலையில் உள்ள பிளவு நட்டநடுவில் இருக்கிறது. மெஷின் வேலை. கையால் அரத்தில் ராவிய காலத்துத் திருகாணிக்கு முனை மொட்டையாக இருக்கும், பிளவு கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். கூர்முனைத் திருகாணி உலகத்தில் பரவ ஆரம்பித்ததே 1840-களின் கடைசியில்தான். அது கப்பலேறி, கடைக்கு வந்து, மதுரைப் பக்கத்து ஆசாரியின் கைக்குக் கிடைக்க இன்னும் எத்தனை வருஷமோ. தலையில் கூட்டல் குறி இருந்திருந்தால் கதையே வேறு. அந்தத் தலைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1936-இல்.

நூற்றெழுபது வருஷக் கதை அந்தத் திருகாணியில் ஆட்டம் கண்டது. பூட்டில் விழுந்தே விட்டது. பித்தளைப் பூட்டின் முகத்தில் தேய்ந்த எழுத்து. ஆசாரி துணியால் துடைத்துவிட்டு என்னையே படிக்கச் சொன்னார். லீவர், மேட் இன் இங்கிலாந்து. எந்த நாட்டில் செய்தது என்று சரக்கில் பொறிக்கும் பழக்கம் 1880-களின் கடைசி, 1890-களின் சட்டங்களால் பரவியது. 'மேட் இன்' என்று முழுசாகப் போடுவது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. பூட்டை மாற்றியிருக்கலாமே என்றேன். அதையும் பார்த்தார். நாலு திருகாணியையும் கழற்றிப் பூட்டை வெளியே எடுத்தார். அடியில் இருந்த பள்ளம் அந்தப் பூட்டுக்கென்றே உளியால் அளவாகத் தோண்டியது. வேறு பழைய துளை இல்லை, வேறு பூட்டு இருந்த நிழலும் இல்லை. பூட்டுக்குள் மறைந்திருந்த மரம் வெளிறிய தேன் நிறத்தில் இருந்தது, சுற்றிலும் காற்றுப்பட்ட மரம் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. இந்த நிற வித்தியாசம்தான் மரத்தின் வயதை எனக்குக் கண்ணால் காட்டியது. சாயம் பூசிய போலியில் உள்ளே வெளியே இப்படிப் பிரிந்து தெரியாது என்றார்.

அடிப்பலகைக்கு வந்தபோது உதட்டைப் பிதுக்கினார். அது தேக்கு இல்லை. மெல்லிய பிளைவுட். கவிழ்த்த பக்கம் கறுப்பு மையில் பாதி எழுத்து நிற்கிறது. தேயிலைப் பெட்டியின் பலகை. இந்தியாவில் பிளைவுட் செய்யும் தொழில் வளர்ந்ததே தேயிலைப் பெட்டிக்காகத்தான், காலிப் பெட்டிகளைப் பிரித்து வீட்டுக்கு வீடு எதையாவது ஒட்டுப்போட்டார்கள். பழைய அடிப்பலகை நின்ற பள்ளம் அகலமாக இருக்கிறது, பிளைவுட் அதில் லொடலொடவென்று ஆடுகிறது. அப்பத்தா காலத்தில் யாரோ செய்த ரிப்பேர்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து முகப்பின் ஓரத்தில் ஒரு துளி தொட்டார். பஞ்சில் பழுப்பாக இறங்கியது, விரல் ஒட்டியது. அரக்குப் பாலிஷ். இப்போது அடிக்கும் பாலியூரித்தேன் என்றால் ஸ்பிரிட்டுக்கு அசையாது. பாலிஷைச் சுரண்டிப் புதுசாகப் போடட்டுமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். நூறு வருஷமாகக் கை பட்டு ஊறிய பளபளப்பை உப்புத்தாள் அரை மணி நேரத்தில் தின்றுவிடும்.

கடைசியாக, பின்பலகை. தூசியைத் துடைத்தபோது உளியால் கிழித்த ஒரு சுழி தெரிந்தது. உ. ஆசாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது பிள்ளையார் சுழியா, ரெண்டா?"

எனக்கு முதலில் புரியவில்லை. தமிழ் எண்ணில் ஒன்று ௧, இரண்டு என்பதும் இதே ௨ தானே. பெரியவர்கள் காலத்தில் கதவுப் பலகை, உத்தரம், தூண் எல்லாவற்றிலும் எது எதோடு சேர வேண்டும் என்று தமிழ் எண்ணில்தான் கிழித்துவைப்பார்களாம். பிள்ளையார் சுழி என்றால் வேலை தொடங்கும்போது போட்டது. ரெண்டு என்றால் இன்னொரு டிராயர் இருந்திருக்க வேண்டும். எங்கள் பீரோவில் ஒரே டிராயர்தான். அப்படியானால் இந்த டிராயர் வேறு ஏதோ சாமானிலிருந்து வந்ததா? ஒன்றின் தலையும் இன்னொன்றின் உடம்புமாகச் சேர்த்து நிறுத்துவது இந்த வியாபாரத்தில் சகஜம். அப்படிச் சேர்ந்த பீரோ என்றால் விலை பாதிக்குமேல் இறங்கும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள்

ஆசாரிக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் கானாடுகாத்தானில் இருக்கிறார். சாமான்களை இருந்த இடத்திலேயே பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டி 1912-இல் முடித்த அரண்மனை இருக்கும் ஊர். வெளியே நின்று பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

"வா ஆத்தா" என்று ஆச்சி முகப்புத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள். இரண்டு கை சேர்த்துக் கட்டினாலும் விரல் தொடவில்லை. ஐராவதியில் மிதக்கவிட்டு ரங்கூன் கொண்டுவந்த மரங்கள். இந்த வீடுகளெல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை எழும்பியவை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது வரும்படி நின்றது, 1960-களில் அங்கே எல்லாம் அரசுடைமை ஆனபோது மிச்சமும் போனது. பிறகு சாமான் வாங்க யாரிடம் பணம்? விற்கத்தான் ஆள் இருந்தது.

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வட்ட மேசை ஒன்று. ஆசாரி சொல்லிவிட்டிருந்தபடி டேப்பை எடுத்து, ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு அளந்தேன். மரத்தின் ரேகை ஓடும் திசையில் 36 அங்குலம். குறுக்கே கால் அங்குலம் குறைவு. மரம் நீளவாட்டில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், குறுக்குவாட்டில்தான் சுருங்கும். வட்டமாகச் செய்த மேசை வருஷக்கணக்கில் காய்ந்து காய்ந்து கண்ணுக்குத் தெரியாத முட்டை வடிவமாகிவிடுகிறது. கச்சிதமான வட்டமாக இருக்கும் 'நூறு வருஷத்து' மேசையைக் கண்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நாற்காலிகளில் தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கைப்பிடியின் நுனி, உட்காருபவர் காலைத் தூக்கி வைக்கும் முன் குறுக்குச்சட்டம், தூக்கி நகர்த்தும்போது விரல் பதியும் முதுகின் மேல்விளிம்பு. முற்றத்துப் பக்கம் பார்த்த நாற்காலிகளின் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது. முதல் நாள் கடைத்தெருவில் ஒரு பெஞ்சைப் பார்த்திருந்தேன். நாலு கால், அடி, மேல், ஒரு கை படாத மூலை எல்லாம் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதில் பூச்சித் துளைகளும் இருந்தன. தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய உள்மரத்தை, பூச்சி அரிக்காது. வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தைத்தான் அரிக்கும். வைரம் முழுக்கத் துளை என்றால் துளைபோட்டது பூச்சியாக இருக்க முடியாது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டால் தெரிந்துவிடும். பூச்சி வளைந்து வளைந்து போகும், துரப்பணம் நேராகப் போய் நிற்கும்.

ஆச்சியிடம் வீட்டின் மதிப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே சொன்னார். பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டுக்கு எத்தனையோ சொந்தக்காரர்கள். பராமரிக்க ஒத்துவராவிட்டால் இடிப்பதுதான். இடித்தால் தூண், உத்தரம், நிலை எல்லாம் கன அடிக் கணக்கில் போகும். "எங்க பக்கத்து வீட்டு நிலைக்கதவு எங்கயோ ஓட்டல்ல மேசையா இருக்காம். சாப்பிடுறவுகளுக்கு அதுல லட்சுமி இருந்தது தெரியுமா?" அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் இருக்கும்போதே வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மனசு கனத்துத்தான் பஸ் ஏறினேன்.

நான்காம் நாள்

காலையில் முதல் நாள் பார்த்த கடைக்காரரிடமே போனேன். பீரோவின் படங்கள், டிராயர், ஆசாரி சொன்னது எல்லாவற்றையும் முன்னால் வைத்தேன்.

பீரோவின் வயதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைதான் பேசினார். 1900-க்கும் 1940-க்கும் நடுவில், ஆசாரி சொன்னதே சரி. மீதி நேரமெல்லாம் பீரோவின் உயரம் எவ்வளவு, கழற்றி மாட்ட முடியுமா என்றுதான் கேட்டார். அடுக்குமாடி லிஃப்டுக்குள் நுழையாத சாமானை வாங்க ஆள் குறைவு. ஊஞ்சல், தூண், சாய்வு நாற்காலி எல்லாம் வந்த வாரத்தில் போகும், மரப் பீரோ வருஷக்கணக்கில் நிற்கும். கோத்ரெஜ் 1923-இல் இரும்பு பீரோ செய்ய ஆரம்பித்த நாளிலிருந்தே மரப் பீரோவுக்கு இறங்குமுகம்தான் என்றார். அதே வேலைப்பாட்டில் தோதகத்தி (ரோஸ்வுட்) மரமாக இருந்தால் விலை வேறு. ஜோடியாக இருந்தால் இன்னும் வேறு. யார் வீட்டில் இருந்தது என்று எழுத்தில் ஏதாவது இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு, வாயால் சொல்லும் கதைக்குக் கிடையாது.

அவர் வாங்குவதாக இருந்தால் அறுபதாயிரம். கடையில் வைத்து விற்றால் ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் கேட்பார். வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் சேர்த்து வெளிப்படையாகச் சொன்ன முதல் ஆள் இவர்தான். ஆனால் எல்லாம் ஒரே பீரோவாக இருந்தால். அந்த ௨ அவரையும் உறுத்தியது.

சிங்கப்பூர் விஷயத்தையும் கேட்டேன். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் ஆன கைவினைப் பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லை என்றால் தொல்லியல் துறையின் நிபுணர் குழுவிடம் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டுக் கதையில் இத்தனை நாள் வருஷத்தைக் கூட்டிக் கூட்டிச் சொன்னோம். இப்போது சிங்கப்பூர்த் தம்பிக்கு அது குறைய வேண்டும். எந்த வருஷம் என்று அடித்துச் சொல்ல கார்பன் சோதனையும் கைகொடுக்காது. கடைசி முந்நூறு வருஷத்துக்குள் அது தெளிவாகப் பிரித்துச் சொல்லாது. சொன்னாலும் மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும், பீரோ செய்த காலத்தைச் சொல்லாது.

எங்களிடம் இருக்கும் ஒரே உறுதியான தேதி அப்பத்தாவின் கல்யாணம், 1934. சீராக வந்தது என்று பெரிய அத்தை ஒருமுறை சொன்னதை ஜமீன் கதையின் சத்தத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. பூட்டும் திருகாணியும் வால் பற்களும் அத்தை பக்கம்தான் நிற்கின்றன.

கிளம்புமுன் பட்டறைக்குப் போனேன். ஆசாரி காசு வாங்கவில்லை. டிராயரின் அடிச்சட்டம் இரண்டிலும் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொடுத்து, "மழைக்காலத்துல மரம் ஊதும் தாயி. முட்டித் தள்ளாத" என்றார்.

ஐந்தாம் நாள், மதுரை

விடியற்காலையில் வீட்டைத் திறந்தேன். காலி அறையில் பீரோ மட்டும். டிராயர் இருந்த இடம் கறுப்பு வாயாகத் தெரிந்தது. டார்ச்சை உள்ளே அடித்துக் குனிந்து பார்த்தேன். தளத்தில் இரண்டு தடம், டிராயர் ஓடி ஓடிக் குழிந்தது. டிராயரின் அடிச்சட்டத்தில் முன்பக்கம் தேய்ந்த அளவும் அந்தக் குழியும் பொருந்துகின்றன. நல்ல அறிகுறி. ஆனால் பல வருஷம் ஓடினால் வந்து சேர்ந்த டிராயரும் தடம் போட்டுவிடும்.

மேல் கதவுகளைத் திறந்தேன். மூன்று தட்டு. நடுத்தட்டின் அடியில் ஒரு பட்டைச் சட்டம் ஓடுகிறது. சின்ன வயதில் அதை அலங்காரம் என்று நினைத்திருக்கிறேன். ஆசாரி சொன்னமாதிரி அடியில் கை விட்டுத் தடவினேன். விரல் ஒரு குழியில் போய் நின்றது. இழுத்தேன், வரவில்லை. மழையில் ஊதியிருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்தபோது சட்டம் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. உள்ளே கைப்பெட்டி அகலத்துக்கு ஒரு சிறு டிராயர். அதில் ஒன்றும் இல்லை, காய்ந்த வசம்பு ஒரு துண்டு மட்டும்.

வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்தேன். அடிப்பலகை தேக்கு, ஓரம் சீவிப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. மூலையில் இரண்டு வால், நடுவே அதே ஊசிப்பல், அதே கிழித்த கோடு. இங்கேயும் ஓரிடத்தில் ரம்பம் கோட்டைத் தாண்டி ஒரு நூல் இறங்கியிருக்கிறது.

பின்பலகையில் ௧.

படம் எடுத்து ஆசாரியின் பேரன் நம்பருக்கும், சிங்கப்பூருக்கும், பெரிய அத்தைக்கும் அனுப்பினேன். பிறகு இரண்டாம் எண் டிராயரை அதன் இடத்தில் வைத்து உள்ளங்கையால் தள்ளினேன். மெழுகு போட்டிருந்ததால் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.